விரலுக்கு விழி தந்தவர்

கண்ணில்லாதவர்க்கு எது பெருந்துன்பம் என்று யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், பதினெட்டு வயதில் நான் சற்றும் தயங்காமல் இருள் என்றே விடை சொல்லியிருப்பேன். நிலவைக் காண இயலாது, மலரைக் காண இயலாது, பெற்ற தாயின் முகத்தைக் காண இயலாது என்று அடுக்கிக்கொண்டே போயிருப்பேன். அவ்வாறு அடுக்கி ஒரு கவிதையும் எழுதினேன். நம் தமிழ்ச் சங்கத்தின் கையெழுத்து ஏட்டில் அது வந்தது. நல்ல வேளையாக அந்த ஏட்டின் படி இன்று எவரிடமும் இல்லை.

என் அறியாமையைப் போக்கியவர் இருவர். ஒருவர் பிரெஞ்சு நாட்டில் பிறந்து, 1852ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட லூயி பிரெயில். மற்றவர் 1984ஆம் ஆண்டில் இந்தப் பெங்களூரில் என் விடுதி அறையில் என்னோடு தங்கிப் படித்தவர். முன்னவரின் வரலாற்றைச் சொல்வதற்கே இக்கட்டுரை எழுந்தது. ஆனால் பின்னவரை விட்டுவிட்டு அதனைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆகவே அண்ணாச்சி என்றே அழைத்து வந்தேன். குழந்தைப் பருவத்தில் கண்ட அம்மையில் பார்வை போயிற்று. ரூபாய்த் தாள்களை மதிப்புக்கு ஒரு மடிப்பாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். விடுதி வாயிலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எத்தனை காலடி என்பது அவருக்கு மனக்கணக்கு. நடைபாதையில் யாரேனும் மிதிவண்டியைச் சாத்தி வைத்துவிட்டால் அந்தக் கணக்கு முழங்காலில் தவறும். சிற்றுண்டிச் சாலையில் பரிமாறுகிறவர் என் முகத்தைப் பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்பார். அண்ணாச்சி எதிரிலேயே இருப்பார். காதும் நன்றாகக் கேட்கும். கன்னடமோ என்னைவிட நன்றாகவே பேசுவார். ஆயினும் கேள்வி என்னிடந்தான் வரும். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் தமக்கும் எனக்குமாகச் சேர்த்து இரண்டு மசால் தோசை சொல்லுவார்.

மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே நிலையில் இருந்தோம். பேருந்தின் பலகையில் இருந்த கன்னட எழுத்து அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் படிக்க வராது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன். ஒருநாள் ஒருவர் தவறாகச் சொல்லிவிட, சிவாஜிநகருக்குப் புறப்பட்ட நாங்கள் யசுவந்தபுரத்தில் போய் இறங்கினோம். அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. ஏதோ ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது. கண் இரண்டும் இருந்தும் எழுத்துக்காகப் பிறர் வாயை எதிர்பார்த்து நிற்பது எப்படியிருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்டார். நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு வீட்டிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. அவருடைய தாயார் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுவாள். ஒரு மார்ச்சு மாதம், தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு, வயல், ஆட்டுக்குட்டி எல்லாம் கடந்து, கடைசி மடிப்பில், தந்தையார் நெஞ்சு வலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாக இருந்தது. என் கண் அந்த வரியைக் கண்டது. வாய் அதனைச் சொல்லவில்லை. தேர்வு கெட்டுவிடுமே என்று எண்ணினேன். உள்ளபடியே நல்ல எண்ணந்தான். கடிதம் முடிந்தது என்று சொல்லி மடித்துக் கொடுத்தேன்.

தந்தையார் பிழைத்துக்கொண்டார். ஆனால் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது செய்தி வெளிப்பட்டுவிட்டது. திரும்பி வந்த அண்ணாச்சி என்னை ஏசவில்லை. ஊருக்குப் போவதா, இருந்து தேர்வு எழுதுவதா என்பதைத் தாம் முடிவு செய்திருப்பார் என்றும், ஒருவேளை இருந்து எழுதவே முடிவு செய்திருக்கலாம் என்றும், அந்த முடிவைத்தான் நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்றும் சொன்னார். அன்றிரவு மின்சாரம் நின்றுவிட்டது. நான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தம் பெட்டியிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, விரலால் தடவிப் படித்தவாறே, எனக்கு லூயி பிரெயிலின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதோடு, பின்னாளில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாரிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்று ஒரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைக்கும் சிமோன் ரெனே பிரெயில் என்பாருக்கு நான்காவது பிள்ளையாக, கடைக்குட்டியாக, லூயி 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் பிறந்தார். மூன்று வயதில் ஒருநாள், தந்தை இல்லாத நேரத்தில் பட்டறைக்குள் புகுந்து, அவர் செய்வதைப் போலத் தானும் தோலைக் குத்திப் பார்த்தது அந்தப் பிள்ளை. கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்ப்பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவியது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலம். ஐந்து வயதாகும்போது இரு கண்ணும் அவிந்துவிட்டன. அதே சமயத்தில் நெப்போலியன் வீழ்ந்தார். அயல்நாட்டுப் படைகள் அந்தச் சிற்றூரில் வந்து தங்கின. வீட்டுக்குள் வேற்று மொழி பேசும் முரட்டுக் குரல்கள். யார் எவர் என்று முகம் பார்த்து அறியவும் வழியில்லை. அந்தக் குழந்தை எப்படி அஞ்சியிருக்கும்!

அக்காலத்தில் கண்ணிழந்த ஏழைப் பிள்ளைக்கு வழி ஒன்றுதான்: தெருமுனையில் கையேந்துவது. சிமோன் ரெனே அதற்கு இசையவில்லை. மகனுக்கு அளவான கைத்தடி செய்து கொடுத்தார். அதைத் தட்டிக்கொண்டு பிள்ளை ஊரெல்லாம் சுற்றியது. குமிழ் ஆணிகளைப் பலகையில் எழுத்து வடிவாக அடித்து, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். ஊர்ப் பாதிரியாரும் பள்ளியாசிரியரும் துணைநின்றனர். பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, கேட்டதை மறவாமல் ஒப்பிக்கும் மாணவனாக லூயி விளங்கினான். ஆனால் மற்றவர் புத்தகத்தைத் திறக்கும் நேரம் வரும்போது அவன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பிற்காலத்து முயற்சிகளுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது என்று அண்ணாச்சி சொல்லுவார். தாமும் அப்படிச் சும்மா இருந்தவர் அல்லவா!

1819ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயதில், பாரிசில் இருந்த கண்ணற்ற சிறுவர்க்கான அரசுப் பள்ளியில் சேர்ந்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைச்சாலையாக இருந்த பழைய கட்டடம், சுவரெல்லாம் ஈரம். பின்னாளில் அவரை அரித்துக் கொன்ற காசநோய்க்கு அந்த ஈரம் ஒரு காரணம் என்று கருதுவோர் உண்டு.

அந்தப் பள்ளியை நிறுவிய வாலன்டின் அயூயி என்னும் பெருமகனைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். 1771ஆம் ஆண்டில் பாரிசுச் சந்தை ஒன்றில், பார்வையற்றவர் சிலருக்குக் கோமாளித் தொப்பியும் கழுதைக் காதும் மாட்டி, இசைக்கருவிகளைக் கையில் கொடுத்து, கூட்டம் கைகொட்டிச் சிரிக்க வைத்திருந்த காட்சியை அவர் கண்டார். நெஞ்சு கொதித்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனை முதல் மாணவனாகக் கொண்டு கல்வி புகட்டலானார். ஈரத் தாளை எழுத்து அச்சின்மேல் அழுத்தி, சாதாரண எழுத்துகளையே புடைப்பாக எழும்பச் செய்தார். உலகில் கண்ணற்றவர்க்கென்று அச்சான முதல் நூல்கள் அவையே.

அவர் செய்தது பெரிய தொண்டு. எனினும் அதில் ஒரு குறை இருந்தது. புடைப்பு எழுத்துகள் பெரியனவாக இருந்தன. ஒவ்வொன்றின் வளைவையும் விரலால் சுற்றி அறிந்து, அடுத்ததற்குப் போய், சொல் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். நூல்களோ தூக்க முடியாத பாரம். அதைவிடப் பெரிய குறை, அவற்றைப் படிக்கலாமே தவிர, அம்முறையில் மாணவன் தானாக எழுத முடியாது. அப்படியானால் அந்த முறையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தனர்? கண்ணுள்ள ஆசிரியர்க்கு அது எளிதாக இருந்தது என்பதே காரணம். படிப்பவன் விரலைக் கேட்டு வந்த எழுத்தன்று. பார்ப்பவர் கண்ணைக் கேட்டு வந்த எழுத்து.

1821ஆம் ஆண்டில் சார்லசு பார்பியே என்னும் முன்னாள் படைத்தலைவர் பள்ளிக்கு ஒரு புதுமுறையைக் கொண்டு வந்தார். தாளில் குத்திய புள்ளிகளால் ஆன எழுத்து அது. இரவில் விளக்கேற்றாமல் போர்வீரர் படிப்பதற்காகச் செய்யப்பட்டது என்று எல்லா நூலிலும் எழுதுகிறார்கள். அண்மைக் கால ஆராய்ச்சியாளர் இதை ஐயுறுகின்றனர். பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாத உழவரும் தொழிலாளரும் கண்ணற்றவரும் எளிதில் எழுதக் கற்க வேண்டும் என்பதே அவர் கருத்தாக இருந்தது என்பர். எப்படியாயினும், லூயியின் விரல் முதன்முறையாகப் புள்ளியைத் தொட்டது. கோட்டைவிடப் புள்ளியை விரல் விரைவாக அறிகிறது என்பது தெரிந்துவிட்டது.

ஆனால் பார்பியேயின் முறையில் ஓர் எழுத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. விரல்நுனி மேலும் கீழும் அலைய வேண்டும். ஒலிக்குத்தான் குறி, எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை. எண்ணும் இல்லை, நிறுத்தக் குறியும் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன் இந்தக் குறைகளை எடுத்துச் சொன்னபோது, ஐம்பதைத் தாண்டிய படைத்தலைவருக்கு அது உவப்பாக இருந்திருக்காது. பையன் தானே செய்து பார்க்கத் தொடங்கினான். பகலில் பாடம், இரவில் புள்ளி. விடுமுறையில் கூவ்ரேக்குப் போனாலும் அதே வேலை. 1824ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், முறை உருவாகிவிட்டது. ஆறே புள்ளிகள், நெடுக்கில் மூன்று, பக்கத்தில் மூன்று. ஒரு விரல்நுனிக்குள் முழுவதும் அடங்கும். ஆறில் எவற்றைக் குத்துவது, எவற்றை விடுவது என்று மாற்றினால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தக் குறி, இசைக் குறி எல்லாம் அதற்குள் அடக்கம்.

எழுதுகிற விதமும் நமக்குப் புதிதன்று. தாளைக் கட்டமிட்ட சட்டத்துள் வைத்து எழுத்தாணியால் குத்த வேண்டும். குத்தியது மறுபக்கம் புடைப்பாக எழும். ஆகவே வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். நம் முன்னோரும் எழுத்தாணி பிடித்தவர்களே. ஓலை பொத்துப்போகும் என்று அவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினர். இங்கோ புள்ளியே எழுத்தாகிவிட்டது என்று அண்ணாச்சி சொல்லிச் சிரிப்பார். கண்ணைக் கெடுத்த குத்தூசியே எழுதுகோலாயிற்று என்று சிலர் உருக்கமாக எழுதுவதுண்டு. அந்த உருக்கம் அவருக்குப் பிடிப்பதில்லை. குத்தூசி வேறு, எழுத்தாணி வேறு என்பார்.

1829ஆம் ஆண்டில் லூயி தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புள்ளியெழுத்தை விளக்கும் அந்த நூல் பழைய புடைப்பெழுத்தில்தான் அச்சாயிற்று! 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. இதற்குள் அவர் அதே பள்ளியில் ஆசிரியராகிவிட்டார். இலக்கணம், கணக்கு, புவியியல், இசை எல்லாம் கற்பித்தார். பாரிசுத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தார். ஏழை மாணவர்க்குப் பணம் கொடுத்து உதவினார். அவர் இறந்தபின், திறக்காமல் எரித்துவிடச் சொல்லியிருந்த ஒரு பெட்டியை நண்பர்கள் திறந்து பார்த்தனர் என்றும், உள்ளே மாணவர்கள் எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள் இருந்தன என்றும் சொல்வர்.

மாணவர்கள் புள்ளியெழுத்தைத் தாவிப் பற்றிக்கொண்டார்கள். நிருவாகம் பற்றிக்கொள்ளவில்லை. 1840ஆம் ஆண்டில் ஆதரவாக இருந்த தலைவர் பிஞ்ஞே விலக்கப்பட்டு, துய்ஃபோ என்பவர் அப்பொறுப்புக்கு வந்தார். கண்ணுள்ளவர் படிக்க முடியாத எழுத்து, கண்ணற்றவரை உலகிலிருந்து பிரித்துவிடும் என்பது அவர் வாதம். பள்ளியிலிருந்த பழைய புடைப்பெழுத்து நூல்கள் எரிக்கப்பட்டன. அயல்நாட்டுப் புடைப்பெழுத்து முறை ஒன்று அவ்விடத்தில் வந்தது. புள்ளியெழுத்துக்குத் தடை விழுந்தது. அதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததே என்று இந்த இடத்தில் அண்ணாச்சி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இருட்டில் என் முகம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆயினும் சுட்டது.

தடையை மாணவர்கள் மதிக்கவில்லை. எழுத்தாணியைப் பறித்தால் பின்னல் ஊசியாலும் முள்கரண்டியாலும் குத்தினர் என்பர். நாட்குறிப்பு எழுதினர், நண்பனுக்குச் சீட்டு அனுப்பினர். ஆசிரியருக்குத் தெரியாமல் எழுதுகிற இன்பம் முதன்முறையாக அவர்களுக்குக் கிடைத்தது. இந்த இன்பத்தை நாம் எல்லோரும் வகுப்பறையில் அறிவோம்; அறிந்ததால் அதன் அருமை தெரிவதில்லை. துணைத் தலைவராக இருந்த குவாதே என்பார் உண்மையை உணர்ந்து தலைவரின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில், ஒரு குழந்தை சொன்னதைப் புள்ளியில் எழுத, அப்போது அங்கில்லாத வேறொரு குழந்தை வந்து அதைத் தடவிப் படித்துக் காட்டிற்று. தடை அகன்றது.

ஆனால் இவற்றையெல்லாம்விட என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. புள்ளியெழுத்தால் கண்ணற்றவர் தமக்குள் எழுதிக்கொள்ளலாம். ஊரில் உள்ள தாய்க்கு எழுத வேண்டுமானால்? சொல்லச் சொல்லக் கண்ணுள்ள ஒருவர்தான் எழுத வேண்டும். வந்த விடையையும் அவரே படிக்க வேண்டும். தாய்க்கும் மகனுக்கும் நடுவில் எப்பொழுதும் மூன்றாவது ஆள். இதனைத் தாங்காமல் லூயி 1839ஆம் ஆண்டில் இன்னொரு முறையைக் கண்டுபிடித்தார். சிறு சிறு புள்ளிகளை வரிசையாகக் குத்திச் சாதாரண எழுத்துகளின் வடிவத்தையே வரைவது. ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தப் புள்ளி எங்கே என்று மனப்பாடமாக வேண்டும். வேலை மெதுவாக நடக்கும். அப்பள்ளியின் பழைய மாணவரும் பார்வையற்றவருமான பியேர் ஃபூக்கோ, 1841இல் இதற்கு ஒரு பொறியே செய்துவிட்டார். தட்டச்சுப் பொறி கடைக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, கண்ணற்றவன் ஒருவன் எவர் தயவும் இன்றித் தன் கையால் எழுதிய கடிதத்தைத் தாய் தன் கண்ணால் படிக்கும்படி ஆயிற்று!

நோய் முற்றிக்கொண்டே வந்தது. 26ஆம் வயதளவில் தொடங்கிய காசம், 1851ஆம் ஆண்டு திசம்பரில் இரத்தமாகக் கொட்டியது. 43ஆம் பிறந்த நாளைக் கண்ட இரண்டாம் நாள், 1852 சனவரி 6இல், லூயி பிரெயில் கண்மூடினார். பாரிசு இதழ்கள் அதைச் செய்தியாக மதிக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 1854இல், அவர் பள்ளி அவர் எழுத்தை முறையாக ஏற்றது. 1952இல் அவர் உடலைப் பெரியோர் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றனர். கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். நம் அரசும் 2009ஆம் ஆண்டில், அவர் பிறந்த இருநூறாம் ஆண்டையொட்டி, இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது. அதில் அவர் பெயர் புள்ளியெழுத்தில் உண்டு.

தமிழுக்கு அந்த ஆறு புள்ளிகள் 1890ஆம் ஆண்டளவிலேயே வந்துவிட்டன. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் கண்ணற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிய காலம் அது. இந்திய மொழிகளில் வெவ்வேறாக வழங்கிய முறைகள் 1951இல் பாரதி பிரெயில் என்னும் பெயரில் ஒன்றாயின. நம் க என்னும் எழுத்தும் கன்னடத்துக் க என்னும் எழுத்தும் அதில் ஒரே வடிவம். முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும். மெஜஸ்டிக்கில் பலகைகள் புள்ளியெழுத்தில் இருந்திருந்தால் அண்ணாச்சி எனக்குப் படித்துச் சொல்லியிருப்பார்! கெ என்று எழுத நாம் கொம்பை முன்னே போடுகிறோம். புள்ளியெழுத்தில் க முன்னே, எ பின்னே, வாய் சொல்லும் வரிசையிலேயே வரும். நம்முடையதைவிட இது நேர்மையான எழுத்து என்பது அவர் கட்சி.

அந்தக் கோடை விடுமுறையில் அவர் தம் தங்கைக்கு எழுத்தாணி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் செய்த காரியமே அதற்குக் காரணம் என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. சூலை மாதம் முதல் அவருக்கு வந்த கடிதங்கள் தடித்த தாளில் வந்தன. பார்வையற்றோர்க்கான அஞ்சலுக்கு நம் நாட்டில் கட்டணம் இல்லை. ஆகவே அவற்றில் தலையும் இல்லை. முதற்கடிதத்தை அஞ்சற்காரரிடமிருந்து வாங்கி வந்தவன் நான்தான். பிரித்துப் பார்த்தேன். பழக்கந்தான், பிரித்த பிறகே தவறு தெரிந்தது. வெள்ளைத் தாளில் மணல் தூவினாற்போல் மேடுகள். ஓர் எழுத்தும் புரியவில்லை.

அன்றிரவு விளக்கணைத்த பிறகு, படுத்தபடியே தாளை மார்பின்மேல் வைத்துக்கொண்டு அண்ணாச்சி படித்தார். எனக்கும் சிலவற்றை வாய்விட்டுச் சொன்னார். மழை பெய்ததாம், ஆடு இரண்டு குட்டி ஈன்றதாம், தந்தையார் வயலுக்குப் போகத் தொடங்கிவிட்டாராம். தாளில் விரல் உரசும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் அது நின்றது. மீண்டும் வரியின் தொடக்கத்துக்குப் போய், மெல்ல ஒருமுறை கடந்து, மறுபடியும் நின்றது. பிறகு அடுத்த வரிக்குப் போய்விட்டது. கிணற்றில் நீர் ஊறியிருக்கிறதாம் என்று சொன்னார்.

நடுவில் விட்டது என்னவென்று நான் கேட்கவில்லை.